கிழமையை மாற்றியவர்கள்

அருண்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை. பேசினால் நீ பாதி தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும் குறுக்கே வருவாய், நான் என் வழக்கப்படி வாயை மூடிக்கொள்வேன், நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். பள்ளி விடுமுறைகளில் உன்னை உட்காரவைத்துத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோது "கைக்கு மம்மி, எதுக்கு இதெல்லாம், எனக்கு யார் தமிழ்ல லெட்டர் போடப் போறாங்க" என்று அழுதாய். நான்தான் போடுகிறேன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். அது நல்லது. இதை வேகமாகப் படிக்கக் கூடாது.

உன் கல்யாண ரிசப்ஷனில் வாசல் மேசைக்குக் கோமதி அக்காவை நிறுத்தப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் கொடுத்து, வருகிறவர்களை உள்ளே அனுப்பும் இடம். அது வேண்டாம் என்றாய். "சோடோ நா மா, விட்டுடு. கோமதி ஆன்ட்டிக்கே எதுவும் ஞாபகம் இல்லை. நீ மட்டும் ஏன் பிடிச்சுட்டு இருக்கே? நித்யாவுக்குப் பிரபா ஆன்ட்டிதான் அம்மா மாதிரி. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? கூட்டத்துல கோமதி ஆன்ட்டி தடுமாறுவாங்க, பாவம், ஒருநாள் நாம எல்லாரும் அவங்க வீட்டுக்கே போய் ஆசி வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. நல்ல ஐடியாதானே?" நல்ல ஐடியாதான். பிரபாவின் ஐடியாக்கள் எல்லாமே நல்ல ஐடியாக்கள். யார் மனசும் நோகாது, யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை, கடைசியில் கோமதி அக்கா மட்டும் அந்த இடத்தில் இருக்க மாட்டார். நான்கு வருடங்களுக்கு முன்னால் நடந்ததும் இதுதான். உனக்கு அது துண்டு துண்டாகத்தான் தெரியும். முழுதாகச் சொல்கிறேன்.

நாம் குகட்பள்ளிக்கு வந்தபோது உனக்கு மூன்று வயது. அப்பா பாதுகாப்புத் துறை வேலையில் ட்ரையல், ட்ரையல் என்று ஒடிசா கடற்கரைக்குப் போய்விடுவார். எதற்கென்று கேட்கக் கூடாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். நான் காலையில் உன்னைக் கிரெஷ்ஷில் விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய் வேதியியல் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒருநாள் கீழ்வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டினார். கையில் ஒரு கிண்ணம். "தமிழாமே நீ? சங்கரன்கோவில் நான். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ்ல முப்பது வருசம் குப்பை கொட்டிட்டு, அவுக ரிட்டையர் ஆகவும் இங்க வந்தோம். புளிக்குழம்பு இருக்கு, வேணும்னா வாங்கிக்கோ, வேண்டாம்னா சொல்லிரு. முகத்தைச் சுளிச்சிக்கிட்டு வாங்காத." நான் வாங்கிக்கொண்டேன். அதுதான் கோமதி அக்கா. என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். எனக்குப் பேச்சு வராது என்பதை மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். "ஏ பிள்ள, உனக்குப் பேச வரலைன்னா பேசாத. நான் ரெண்டு ஆளுக்கும் சேத்துப் பேசுதேன்" என்றார். என் மௌனத்துக்கு அர்த்தம் தேடாத முதல் ஆள் அவர். என் அம்மாகூட அதைத் திமிர் என்றுதான் சொல்வாள்.

அவருடைய வராந்தாவில்தான் கிளப் தொடங்கியது. காலனியில் இருந்த நான்கைந்து தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், வெள்ளிக்கிழமை நான்கு மணி, ஒரு பாத்திரம் சுண்டல், ஒரு தம்போலா செட். கூட்டம் பெருகியதும் காலனி கம்யூனிட்டி ஹாலுக்குப் போனது. எனக்குச் சங்கங்களில் நம்பிக்கை கிடையாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்தால் நடுவில் இல்லாதவளைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைப்பவள் நான். ஆனாலும் போனேன், கோமதி அக்கா எண் சொல்வதைக் கேட்பதற்காக. உனக்கு நினைவிருக்கும், ஹோம்வொர்க் நோட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்து நீயும் சிரிப்பாய். குலுக்கிய டப்பாவிலிருந்து காயை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "ஆறு முகம் காட்டும் ஆறு!" என்பார். "நாயன்மார் வாராக, இலை போடுங்க, அறுபத்து மூணு." "அறுபது: அய்யா ரிட்டையர்டு, அம்மாவுக்கு டபுள் டியூட்டி." ஒன்பது வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "நவக்கிரகம். ஒரே மேடைதான், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டாக." அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்போம். பிரபாவும் சிரிப்பார்.

பிரபா பின்னால் வந்தவர். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், எடுத்த காரியத்தைச் சுத்தமாக முடிப்பவர். தங்கை இறந்த பிறகு அவள் மகள் நித்யாவைத் தன்னிடம் கொண்டுவந்து வளர்த்தார். நித்யாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளை அப்படி வளர்த்தது பிரபாதான் என்பதையும் நான் மறுக்க மாட்டேன். பிரபா நம் காலனிக்கு வருவதற்குள் அவள் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நீயும் அவளும் மாதாப்பூரில் ஒரே அலுவலகத்தில் பழகி, பிறகுதான் அவள் யார் வீட்டுப் பெண் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் கோபம் அந்தப் பெண்ணின் புடவை நுனியைக்கூடத் தொடாது. அது பிரபாவுடையது. அவருக்கென்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பிரபா தலைவியானதும் கிளப்புக்கு ஒழுங்கு வந்தது. அடையாள அட்டை, வாட்ஸ்அப் குழு, தீம் புடவை. அதே சமயத்தில்தான் கோமதி அக்கா எண்களைத் தடுமாறத் தொடங்கினார். சொன்ன எண்ணையே மறுபடியும் சொல்வார். ஒருநாள் நாயன்மார்கள் மூன்று தடவை வந்து இலையில் உட்கார்ந்தார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு யாரோ ஒருத்திக்குக் கிடைக்க வேண்டிய ஃபுல் ஹவுஸ் போய்விட்டது; பரிசு ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றது. அந்த மாதம் என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் திருச்சியில் இருந்தேன். என் போனில் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு முளைத்திருந்தது. நவராத்திரி ஏற்பாட்டுக்காக இருக்கும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. பழைய குழுவில் கோமதி அக்கா மட்டும் தினமும் காலையில் ஒரு பூப்படமும் வணக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் பதில் போடாதது அப்போது எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்த வாரம், வெள்ளிக்கிழமை, கல்லூரியிலிருந்து பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறேன். கம்யூனிட்டி ஹால் படிக்கட்டில் கோமதி அக்கா உட்கார்ந்திருக்கிறார். பச்சைப் பட்டுப் புடவை, தலையில் பூ. பக்கத்தில் ஹாட்பாக்ஸில் சுண்டல், மடியில் தம்போலா டப்பா. பின்னால் கதவு பூட்டியிருந்தது. "வா பிள்ள, ஊர்லயிருந்து எப்ப வந்த? அப்பா எப்படி இருக்காக? உக்காரு. ஒருத்தியையும் காணோம். ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டாளுகளோ என்னவோ" என்றார். எல்லோருடைய வீடும் அங்கிருந்து கூப்பிடு தூரம். வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மேடம், அம்மா ஹர் ஜும்மா ஆத்தே. மீட்டிங் தோ அப் ஜுமேராத் கூ ஹோத்தி." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவர் வருகிறார், கூட்டமோ இப்போது வியாழக்கிழமை நடக்கிறது. "யாரும் இவங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன். "நக்கோ போல்னா போலே" என்றான். சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

புரிகிறதா உனக்கு? வெளியே போ என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் இல்லாத புதுக் குழுவில் கிழமையை மட்டும் மாற்றிவிட்டார்கள். படித்தவர்கள், விரதம் இருப்பவர்கள், பேரக் குழந்தைகளுக்கு நீதி சொல்பவர்கள், ஒரு வீட்டு ஹாலில் காபி குடித்தபடி உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள். ஒருத்திகூட, நான் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே பிரபா வீட்டுக்குப் போனேன். வெகு அன்பாக வரவேற்றார். "உட்காருங்க, காபி போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். நின்றபடியே கேட்டேன்.

"யாரும் அவங்களை வெளியே அனுப்பலையே" என்றார் பிரபா. "நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு மறதி வந்துடுச்சு, இனிமே வராதீங்கன்னு அவங்க முகத்துக்கு நேரா சொல்றது நாகரிகமா? மனசு ஒடைஞ்சு போயிடுவாங்க. ரெண்டு மூணு வாரம் வந்து பார்ப்பாங்க, அப்புறம் தானா நிறுத்திடுவாங்கன்னு நெனச்சோம்."

"நிறுத்தலை. இன்னைக்கும் சுண்டல் செஞ்சு எடுத்துட்டு வந்திருக்காங்க."

"அதுக்கு நாங்க என்னங்க பண்ண முடியும்? ஆளாளுக்கு வீட்டுல ஆயிரம் தலைவலி. கிளப்னா ரிலாக்ஸ் பண்ண வர்ற இடம். முதியோர் இல்லம் இல்லை."

"அந்த கிளப்பை ஆரம்பிச்சதே அவங்கதான்."

"யார் இல்லைன்னா? போட்டோ மாட்டி வைப்போம்." பிறகு என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எங்க எல்லாரையும்விடச் சின்னவங்க. நீங்க அங்க வர்றது ஒரு அம்மாவைத் தேடி. நாங்க வர்றது பொழுதுபோக்க. அதான் உங்களுக்கு இவ்வளவு கோபம் வருது."

நான் வந்துவிட்டேன். சண்டை போடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அருண், நட்பைத் தாயன்பு என்று பெயர் மாற்றி என்னைப் பார்த்துப் பாவப்பட்டாரே, அதை நான் விழுங்கவில்லை. என் அம்மா திருச்சியில் நன்றாக இருந்தாள். அவளோடு எனக்கு ஒத்துப்போகவில்லை என்பது வேறு கதை. கோமதி அக்கா என் சிநேகிதி. இருபத்தைந்து வயது வித்தியாசத்தில் ஒரு சிநேகிதி இருக்க முடியும் என்பதே பிரபாவுக்குப் பிடிபடவில்லை. அவருக்குத் தோழிகள் என்றால் தீம் புடவையின் நிறம் பொருந்த வேண்டும்.

மறுவாரம் காலனி அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஹாலை என் பெயரில் கேட்டு வாங்கினேன். கேட்பாரற்றுக் கிடந்த நேரம்தானே, கொடுத்தார்கள். கதவை அகலத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்து இரண்டு நாற்காலி போட்டு நாங்கள் இருவரும் தம்போலா ஆடினோம். நாயன்மார்கள் எத்தனை தடவை வந்தாலும் நான் இலை போட்டேன். காய்கறி வாங்கவும் பால் வாங்கவும் கிளப் பெண்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கோமதி அக்கா உள்ளிருந்தபடி "ஏ சாவித்திரி, வா, சுண்டல் ஆறுது" என்று கூப்பிடுவார். சாவித்திரி பையில் எதையோ தேடிக்கொண்டே போவார். அடுத்தவருக்கு அந்த நேரம் பார்த்து போன் வரும். பிரபா ஒருமுறை எதிர்ச்சாரிக்கே போய்விட்டார். நான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நவக்கிரகம். எனக்கு அது இனித்தது. இனித்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நான்கு வருடங்களாகப் பால் பூத்தில், கோயில் வரிசையில், பிரபா எதிரே வரும்போதெல்லாம் நான் நேராகப் பார்க்கிறேன். கண்ணைத் திருப்புவது அவர்தான். உனக்கும் நித்யாவுக்கும் நிச்சயம் ஆன அன்று தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டபோதுகூட அவர் என் கையைத்தான் பார்த்தார்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் அதிகம் இல்லை. நித்யா செய்யும் ஏதோ ஒன்று உனக்குப் பிடிக்காமல் போகும். அவள் அப்பாவின் பேச்சு சலிக்கும், அவள் சமையல் சலிக்கும், ஒரு நாள் அவளே சலிப்பாள். அப்போது அவள் முகத்துக்கு நேராகச் சொல். கத்திச் சொன்னாலும் பரவாயில்லை. அழுவாள், பதிலுக்கு நாலு கேட்பாள், பிறகு இருவரும் சாப்பிட உட்காருவீர்கள். ஆனால் சிரித்துப் பேசிக்கொண்டே கிழமையை மாற்றாதே. ஒருத்தியைப் பூட்டிய கதவுக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டு உட்கார வைக்காதே. எனக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன். ஒருநாள் நானும் எண்ணைத் தப்பாகச் சொல்வேன். பாடம் நடத்தும்போது ஒரு பெயர் தொண்டையில் நின்றுவிடுகிறது இப்போதே. அன்றைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அம்மா, உனக்கு மறதி வந்துவிட்டது" என்று சொல். நான் தாங்கிக்கொள்வேன். தாங்க மாட்டேன் என்று எனக்காக நீ முடிவு செய்யாதே.

கோமதி ஆன்ட்டிக்கு எதுவும் நினைவில்லை என்றாய். நீ அவரைக் கடைசியாகப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறேன். உண்மைதான், நிறைய போய்விட்டது. என் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. வீட்டுக்காரரைப் பார்த்து, ஒர்க் ஷாப் சைரன் ஊதியாச்சா என்று கேட்கிறார். பிரபா என்ற பெயர் அவரிடம் இல்லை, கிளப் என்ற சொல்லும் இல்லை. ஆனால் ஒன்று போகவில்லை. மாத்திரை கொடுக்கும் மருமகளிடம் கேட்கிறார். கேஸ் சிலிண்டர் போடுகிறவனிடம் கேட்கிறார். பிசியோதெரபிக்கு வரும் தெலுங்குப் பெண்ணிடம், அவளுக்கு ஒரு வார்த்தை புரியாது, அவளிடமும் கேட்கிறார். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடமும் கேட்கிறார்: "வெள்ளிக்கிழமை எங்க போனீய எல்லாரும்? நான் சுண்டலை வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேம்லா."

கோபமாகக் கேட்பதில்லை. நமக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்ற கவலையில் கேட்கிறார். மறந்து, மன்னித்து என்றெல்லாம் நீ சொன்னாய். மன்னிக்க வேண்டியவருக்கு யாரை மன்னிப்பது என்று தெரியவில்லை. அவர் சார்பில் மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. அப்படியானால் அது நடக்கப்போவதில்லை. அந்தக் கேள்வி மட்டும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலைந்துகொண்டிருக்கிறது. அதை உரிய ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், அவ்வளவுதான் நான் செய்வது.

அவரை வைத்துப் பழிவாங்குகிறாயா என்று கேட்பாய். ஆமாம், பழிதான் வாங்குகிறேன். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவரை எங்கும் நிறுத்தவில்லை. "அருண் கல்யாணத்துக்கு வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கிறீங்களா அக்கா?" என்று கேட்டேன். போன வாரம் மூன்று நாள் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல முகம் மலர்ந்தது. "நிக்கேன் பிள்ள. எந்தச் சேலை கட்டட்டும்?" என்றார். பச்சைப் பட்டு என்றேன். மருமகளும் சம்மதித்தாள். பக்கத்தில் நாற்காலி இருக்கும், நான் இருப்பேன். தடுமாறினால் பன்னீர் கூடக் கொஞ்சம் கொட்டும். யாருக்கும் தோல் உரியாது.

பெண் வீட்டாரை அழைத்துக்கொண்டு முதலில் வரப்போவது பிரபா. சந்தனம் வாங்க அவர் கையை நீட்டித்தான் ஆக வேண்டும். கோமதி அக்கா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொள்வார், அது அவர் வழக்கம். பிறகு கேட்பார். அங்கே ஒதுங்கிப் போக எதிர்ச்சாரி கிடையாது.

இந்தக் கடிதத்தை நித்யாவுக்குப் படித்துக் காட்டு. அவள் பெரியம்மாவிடம் சொல்வதானால் தாராளமாகச் சொல்லட்டும். முதுகுக்குப் பின்னால் செய்தேன் என்று இருக்கக் கூடாது. வர முடியாது என்று பிரபா நினைத்தால் என் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லட்டும். நான்கு வருடங்களாக அந்த ஒன்றைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு நானே காபி போட்டுக் கொடுப்பேன்.

இன்னொன்று. நித்யா ஆசைப்பட்ட மாதாப்பூர் ஹோட்டலை விட்டுவிட்டு ரிசப்ஷனை ஏன் நம் காலனி கம்யூனிட்டி ஹாலில் வைத்தேன் என்று கேட்டாய். பெயின்ட் அடித்துப் புதுசாக்கியிருக்கிறார்கள் என்றேன். வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி என்பது என்ன நேரம், ஆபீஸ்காரர்கள் எப்படி வருவார்கள் என்றாய். வேறு நாள் கிடைக்கவில்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமையும் ஹால் காலியாகத்தான் இருந்தது.

அம்மா